பத்து மணிக்கு யாரு கேக்கா?

ஜூலை 7, திங்கள்

விடிஞ்சதுலேருந்து சாரல். துணி மூணாவது நாளா காயல. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆக நாலு உதை.

மதுரையிலேருந்து வரதன் சார் மெயில். எங்க ரேடியோ கம்பெனியின் தென்மண்டலத் தலைவர். போன மாசம்தான் பொறுப்புக்கு வந்தார், தென்காசியை இன்னும் கண்ணால பார்த்ததில்லை. விஷயம் இது: காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை தென்காசி ஸ்டேஷனை 'யாரும் கேட்பதாகத் தெரியவில்லை'. அந்த ஆறு மணி நேரமும் மதுரை நிகழ்ச்சியையே இங்கேயும் ஓட்டிவிடலாம் என்று யோசனை. 21-ஆம் தேதி நேரில் வருகிறார். அதுக்குள்ள 'நம் நேயர் யார்' என்று நான் எழுதித் தரணும்.

மாதிரிக்கு அவரே ஒரு தாள் இணைச்சிருக்கார். நேயர்: வயது 25–35. நகரவாசி. கார் உண்டு. வார இறுதியில் வெளியே சாப்பாடு.

படிச்சுட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். குடைக்கு அடியில மீன் விக்கிற அம்மா. டீக்கடை. மினி பஸ், படியில ரெண்டு பேர். தாள்ல உள்ள ஆளைக் காணோம்.

இசக்கியும் படிச்சான். காலை நிகழ்ச்சி அவன்தான், ஸ்டேஷனோட குரலே இப்ப அவன்தான். "எக்கா, இவரு சொல்லுத ஆளு கார்ல ஏறுனதும் ஃபோன்லேருந்து பாட்டுப் போட்டுக்கிடுதான். ரேடியோவ எங்க கேக்கான்?"

சரியான பேச்சு. குறிச்சு வச்சேன்.

பயம் இல்லை. பதினாலு வருஷம் இதே ஊர்ல மைக் முன்னால உட்கார்ந்தவ நான். தொண்டையில கட்டி வந்து, பேச்சைக் குறைன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் நிகழ்ச்சிப் பொறுப்புக்கு மாறினது. எனக்குத் தெரியாத நேயரா?

வாங்க வேண்டியது: பல்பு, தோசை மாவு, அதிமதுரம்.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கூலக்கடை பஜார். ஜவுளிக்கடை அண்ணாச்சியைப் பார்க்க.

அவர் கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம் வருஷா வருஷம் நமக்குத்தான். இந்த வருஷம் திருநெல்வேலி ஸ்டேஷன்காரங்க மூணு வாட்டி வந்து போயிருக்காங்க. வேற கம்பெனி. டவர் பெரிசு. தென்காசிக்குள்ளயே அவங்க சத்தம் கணீர்னு விழுது.

அண்ணாச்சி காப்பி சொன்னார். மேஜை மேல அவங்க கொடுத்த வழவழத் தாள்.

"நெல்லைக்காரன் ஒரு பேப்பர் குடுத்திருக்கான். நீயும் ஒண்ணு குடுப்ப. ரெண்டுலயும் ஒரே ஆளுதாம்மா இருக்கான். கண்ணாடி போட்டுகிட்டு, லேப்டாப் வச்சுகிட்டு. அவன் என் கடைக்கு வரமாட்டான். ஃபோன்லயே வாங்கிருதான்."

"அப்ப ஒங்க கடைக்கு யாரு வாரா?"

"பொம்பளைக. பஸ்ல வாராக. வந்தா நாலு பேரா வாராக. வேலையெல்லாம் முடிச்சு வச்சுட்டு வந்து, பிள்ளைக ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள போயிருவாக. நீ யாருகிட்ட பேசுதன்னு முதல்ல சொல்லு. பிறகு விளம்பரத்தப் பேசுவோம்."

வாய் முந்திக்கிச்சு. "பீடி சுத்துத பொம்பளைகதான் அண்ணாச்சி நம்ம ஆளு. மடியில தட்டு, காதுல நம்ம ஸ்டேஷன். அச்சன்புதூருக்கு வாங்க, நேர்லயே காட்டுதேன்."

"வியாழக்கிழமை வாரேன்" என்று சொல்லிட்டார்.

வரட்டும். எனக்குத் தெரியும்.

ஜூலை 9, புதன்

செங்கோட்டை. ஆட்டோ ஸ்டாண்டு. தாளில் எழுதுமுன்னே நாலு இடம் பாக்கணும்னு கிளம்பினது.

ஆறு ஆட்டோ. நாலுல ரேடியோ. நாலும் மலையாளம்! மலைக்கு அந்தப் பக்க ஸ்டேஷன்.

"ஏண்ணே, மலையாளப் பாட்டு அவ்வளவு பிடிக்குமா?"

"பாட்டுக்கு இல்ல மேடம். ஆரியங்காவுப் பக்கம் மழை எப்படி, ரோட்டுல மரம் கிரம் விழுந்துருக்கான்னு அந்தச் சேட்டன்தான் சொல்லுதான். எங்க சவாரி பாதி அங்கன இருந்துல்லா வருது."

"மலையாளம் புரியுமா?"

"பாதி புரியாது. ஆனா அவன் மழன்னா மழைதான். அது போதும்லா."

நான் யாருன்னு சொன்னேன். கொஞ்சம் நெளிஞ்சார். "நீங்க சொன்னா நாங்க ஏன் அங்க போறோம்? புளியரை எஸ் வளைவுல லாரி நிக்குன்னு நீங்க ஒருநாள் சொல்லிருக்கீங்களா?"

இல்லை. சொன்னதில்லை. பத்துலேருந்து நாலு வரை நம்ம ஸ்டேஷன்ல கம்ப்யூட்டர்தான் பாட்டுப் போடுது. இடையில பதிவு பண்ணி வச்ச காலேஜ் ஜோக்.

பஸ்ல வரும்போது எழுதினது:
– பாட்டு எல்லார் கையிலயும் இருக்கு.
– மழை, ரோடு, அருவி நம்மகிட்ட இருக்கு. மதுரைக்காரனுக்கும் நெல்லைக்காரனுக்கும் நம்மகிட்ட கேட்டாத்தான் தெரியும்.
– அதை நாம சொல்லவே இல்லை.
– ஏன்? (பதில் தெரியும். நான் சொகமா உட்கார்ந்துட்டேன்.)

பல்பு மறந்தாச்சு.

ஜூலை 10, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. எழுதப் பிடிக்கலை. இருந்தாலும் எழுதணும்.

அண்ணாச்சி கார்ல அச்சன்புதூர். எனக்குப் பழக்கமான தெரு, முன்னால மைக் எடுத்துட்டு வந்திருக்கேன். ஒரு வீட்டுக் கூடத்துல அஞ்சு பெண்கள், சுவரோட சாஞ்சு, மடியில பீடித் தட்டு. இலை வெட்டுற சத்தம். நடுவுல எவர்சில்வர் செம்பு, அதுக்குள்ள ஃபோன், சத்தம் கூடுதலா வரட்டும்னு. ஏரியலுக்காக இயர்ஃபோன் ஒயர் ஜன்னல் கம்பியில.

படி ஏறும்போதே குரல் தெரிஞ்சுபோச்சு. நெல்லை ஸ்டேஷன்.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்த்தார்.

நான் கோமதின்னு பேர் சொன்னதும் ஒருத்தி நிமிர்ந்தாள். "நீங்களா! ஒங்க சத்தம் முன்னால கேப்போம். ஒரு நாள் நின்னுபோச்சு. பிறகு பூரா காலேஜ் பிள்ளைக பேச்சுதான். செமஸ்டர், கேன்டீன், லவ்வு."

ஜன்னலோரம் இருந்தவ மும்தாஜ். முப்பத்தஞ்சு இருக்கும். வீட்டுக்காரர் சவூதியில, தம்மாம்ல டிரைவர். கை நிக்கவே இல்லை, பேச்சும். "யக்கா, தப்பா நெனைக்காதிய. நெல்லைக்காரனும் எங்ககிட்ட பேசல. ஆனா அவன் சத்தம் கரகரன்னு இல்லாம வருது. ரெண்டு பேருமே எங்ககிட்ட பேசல, அதுல தெளிவா இருக்கவன வச்சிருக்கோம்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும். காது சூடா இருந்துச்சு.

எந்திரிச்சு வந்திருக்கலாம். உட்கார்ந்தேன். பேசினா என்ன பேசணும்னு கேட்டேன். மும்தாஜ் அடுக்கினாள். பீடிக்கடையில இலை வந்துட்டா, இல்லையா. எந்தப் பஸ் இன்னைக்கு வராது. கரண்டு எப்ப போகும். மழைன்னு ஸ்கூலுக்கு லீவு விட்டா அதைப் பிள்ளையக் கிளப்பி அனுப்புமுன்னே சொல்லுங்க, அனுப்புன பிறகு சொல்லாதிய. அப்புறம் அந்த நெல்லை அறிவிப்பாளர் பேசுறதை அப்படியே பேசிக் காட்டினாள். மூக்கால, இங்கிலீஷ் கலந்து. அண்ணாச்சிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறிருச்சு.

திரும்பி வரும்போது கார்ல அவர் மெதுவா: "நீ சொன்னது பாதி நெசம்தாம்மா. மடியில தட்டு இருக்கு. காதுலதான் நீ இல்ல."

அச்சன்புதூர் தாண்டினதும் மறுபடி அவரே:

"ஆடி ஒண்ணு வரை யாருக்கும் முடிவு சொல்ல மாட்டேன். பாத்துக்க."

ஆடி ஒண்ணு அடுத்த வியாழன்.

பதினாலு வருஷம் மைக் முன்னால. சரி. மைக்குக்குப் பின்னால வந்த பிறகு ஒரு கூடத்துலயாவது போய் உட்கார்ந்தேனா?

ஜூலை 11, வெள்ளி

நல்ல தூக்கம், ஆச்சரியமா. விழுந்தது தெரிஞ்சா எந்திரிக்க வேண்டியதுதானே.

குற்றாலம், இசக்கியோட. சீசன் கூட்டம். ஐந்தருவி போற வழியில நெல்லைக்காரங்க வேன். ஸ்பீக்கர், பலூன், இலவசத் தொப்பி. ஒரு பொண்ணு மைக்கை நீட்டி நீட்டிக் கேக்குறா. "எங்கேருந்து வாரீங்க?" திருப்பூர். சென்னை. ஆலப்புழை. எல்லாரும் தொப்பி வாங்கி ஈரத் தலையில போட்டுக்கிட்டாங்க. நாளைக்கு ஊருக்குப் போனா இவங்கள்ல யாருக்கும் அந்த ஸ்டேஷன் கேக்காது.

பார்த்தவுடனே தெளிஞ்சுது. குளிக்க வந்தவங்க நம்ம ஆள் இல்லை. அவங்களை நம்பி நிக்கிறவங்கதான் நம்ம ஆள். துண்டு விக்கிறவர், லாட்ஜ் ரூம் கூட்டுற அக்கா, நேந்திரம் சிப்ஸ் போடுறவர், ஜீப் டிரைவர். அருவியில தண்ணி கூடிக் குளிக்கத் தடைன்னா அவங்களுக்குத்தான் அன்னைக்குச் சோலி போச்சு. பத்து மணிக்கே சொன்னா வேற வேலை பாப்பாங்க.

குளிக்க வர்றவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுவிடுற ஒரு அண்ணாச்சிகிட்ட நம்ம ஸ்டேஷன் ஓடிச்சு! குதிச்சிட்டேன். ஏன் இதைக் கேக்கீங்கன்னு விசாரிச்சா: "காலைல யாரோ வச்சாங்க. கை பூரா எண்ணெய், மாத்த முடியல."

இசக்கி டீ வாங்கிட்டு வந்தான். டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னான். தெரிஞ்சுபோச்சு.

"எக்கா, நெல்லையில கூப்பிடுதாங்க. காலை ஷோ. டவுன் பூரா என் படம் போட்டுப் போர்டு வைக்காங்களாம்."

"எப்ப?"

"பதினெட்டோட இங்கன முடிச்சுக்கிடணும். அம்மாவையும் அங்கதான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். வீடே அங்கன எடுத்துரலாம்னு."

அவன் கண்ணுல தண்ணி, சாரல்னு சொல்லிக்கிட்டான். போயிட்டு வாலேன்னு சொன்னேன். கோபம் வரலை. எனக்கு இருபத்தெட்டு வயசுல போர்டு வைக்கேன்னு எவனாவது சொல்லியிருந்தா நானும் போயிருப்பேன்.

ஆனா பத்து மணிக்கு அவனைத்தான் போடலாம்னு நெனச்சிருந்தேன்.

பேசக்கூடியவங்க:
நான் – தொண்டை. முடியாது.
காலேஜ்ல படிக்கிற பகுதி நேரப் பொண்ணு – மறுபடி கேன்டீன்.
மும்தாஜ்

கடைசிப் பேரைச் சும்மா எழுதினேன். எழுதி முடிச்சதும் அடியில கோடு போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வீடு. குத்துக்கல்வலசையில எங்க தெருவுல பதினோரு புது வீடு. காய்கறி வாங்கப் போன சாக்குல ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டேன், ரேடியோ உண்டா? யாருகிட்டயும் இல்லை. ஒரு வீட்டுல மட்டும் "கார்ல இருக்கும்னு நெனைக்கேன்". வரதன் சாரோட ஆட்கள் இவங்கதான்: வயசு, கார், ஓட்டல் எல்லாம் பொருந்துது. நம்ம தெருவுலயே நமக்கு நேயர் இல்லை. சந்தோஷமா எழுதி வைக்கேன்.

எங்க வீட்டுக்காரவுககிட்ட மும்தாஜ் யோசனையைச் சொன்னேன். மீன் ஆஞ்சுகிட்டே கேட்டாக.

"மைக்கப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சுன்னா?"

"பழகுவா."

"மதுரையில ஒத்துக்கிடுவாங்களா?"

"கேக்கப் போறதில்ல. இருபத்தொண்ணு வரை நான்தான பொறுப்பு."

"கேக்காமச் செஞ்சா ஒன் சோலிக்கு ஒண்ணும் வராதே?"

வரலாம். மதுரை நிகழ்ச்சி வந்தா எப்படியும் என் சோலிக்கு இங்க என்ன இருக்கு? அதைச் சொல்லலை. சாளைக் குழம்பு நல்லா இருந்துச்சு.

ஜூலை 14, திங்கள்

அச்சன்புதூர், தனியா, பஸ்ல.

மும்தாஜ் முதல்ல சிரிச்சாள். நெசமாத்தான்னு தெரிஞ்சதும் தட்டைக் கீழ வச்சாள். அவ கை சும்மா இருந்து அப்பத்தான் பார்த்தேன்.

"நான் எட்டாப்புதான் யக்கா."

"எனக்குப் பரிட்சை பேப்பர் திருத்த ஆள் வேண்டாம்."

மாமியார் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "ஊரே கேக்கும்லா. அவன்கிட்ட கேட்டியா?" தம்மாமுக்கு வீடியோ கால். அந்த மனுசன் தூக்கக் கலக்கத்துல. நான் விஷயத்தைச் சொன்னேன். யோசிச்சார்.

"பேரு சொல்லுவாளா?"

"சொல்லுவா."

"ஃபோன்ல ஆப் போட்டா இங்கயும் கேக்குமா?"

"கேக்கும்."

"அங்க பத்துன்னா இங்க ஏழரை. வேலைக்குப் போற வண்டியில இருப்போம். வண்டி பூரா நம்ம பக்கத்து ஆளுகதான்." கண்ணைக் கசக்கினார். "போகட்டும்மா. வீட்ல பேசுதத அங்கன பேசுனா வேல போகாதே?"

மும்தாஜோட நிபந்தனை: பத்துலேருந்து பன்னிரண்டு வரைதான். மீதி நேரம் தட்டு. பீடியை விட மாட்டா, ரேடியோ இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போகும்னாள். சரிதானே. ஸ்டேஷன் பகுதி நேர ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு வாட்டி வாசிச்சுட்டுக் கையெழுத்து.

நேயர் இந்தச் சிக்னலுக்குள்ளதான் இருக்காங்கன்னு யாரு சொன்னது? தம்மாம்ல ஒரு வண்டி நிறைய இருக்காங்க.

ஜூலை 16, புதன்

ஒத்திகை. படுதோல்வி.

நான் எழுதிக் கொடுத்ததை ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாசிச்சாள். நெத்தியில வேர்வை, ஏசி ஓடுது. மூணாவது தடவை "யக்கா, நான் போறேன்" என்று எந்திரிச்சுட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கி கையைப் பிசைஞ்சான்.

அவ கையைப் பார்த்தேன். விரல் ரெண்டும் ஒண்ணையொண்ணு தேய்ச்சுகிட்டே இருந்துச்சு.

"தட்டு கொண்டாந்திருக்கியா?"

பைக்குள்ள இருந்துச்சு. பஸ்ல சும்மா வரப் பிடிக்காதாம். புகையிலைத் தூள் மிஷின் மேல பட்டா ஸ்டேஷன் இஞ்சினியர் என்னைக் கொன்னுருவார், அதனால தூள் வேண்டாம், இலையும் நூலும் மட்டும். எழுதினதைக் கிழிச்சேன். மடியில தட்டை வச்சுகிட்டு, வெறும் இலையைச் சுருட்டிக்கிட்டே பேசச் சொன்னேன்.

"என்னத்தப் பேச?"

"இப்ப அந்தக் கூடத்துல அவங்க நாலு பேரும் என்ன பண்ணுவாங்க?"

"ஜைனம்பு தூங்கி வழிவா. மதினி என்னத் திட்டுவா, இவளுக்கு என்ன வந்துச்சுன்னு. இலை காஞ்சு கெடக்கும், தண்ணி தெளிக்க ஒருத்திக்கும் தோணாது..."

இசக்கி கட்டை விரலைத் தூக்கினான். பதிவாகிட்டு இருந்துச்சு. அவளுக்குத் தெரியாது.

மைக்ல இலை நொறுங்குற சத்தம் விழுது. இஞ்சினியர் எடுத்துரலாமான்னார். இருக்கட்டும்னேன்.

நிகழ்ச்சிக்குப் பேர்: மடியில தட்டு.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

சாரலும் வெயிலும். நாலு மணிக்கே முழிப்பு.

ஒன்பது முதல் ஃபோன் போட்டது: பீடிக்கடை, பஸ் டிப்போ, குற்றாலத்துல தெரிஞ்ச கடைக்காரர், புளியரையில ஒரு டீக்கடை. எல்லாத்தையும் ஒரு துண்டுத் தாள்ல. அவ்வளவுதான் எழுத்து.

பத்து. சிவப்பு விளக்கு.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் அச்சன்புதூர் மும்தாஜ். என்னத் தெரிஞ்சவுக சிரிக்காதிய. தெரியாதவுக சிரிச்சுக்கிடுங்க. ஏட்டி ஜைனம்பு, முழிச்சுக்க."

பிறகு ஓடினது ஓட்டம். அச்சன்புதூர்ல இலை வந்தாச்சு, பதினொண்ணுக்கு மேல போங்க, இப்பக் கூட்டம். ஐந்தருவியில குளிக்கலாம், மெயின் அருவியில காலைலேருந்து தடை. எஸ் வளைவுல வண்டி போகுது, மெதுவா. ஒரு பாட்டுக்கு முன்னால, "இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது, ஒங்களுக்குப் பிடிச்சா கேளுங்க." இஞ்சினியர் தலையில கை வச்சார். நான் பேனாவைக் கடிச்சேன்.

முதல் கால் கடையநல்லூர்ல ஒரு பெண். அடுத்து செங்கோட்டை ஆட்டோக்காரர், அதே ஆளுதான்னு நெனைக்கேன்: "எஸ் வளைவு நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு." பிறகு லைன் நிக்கலை. இசக்கி வேற ரூம்லேருந்து ஓடி வந்து ரெண்டாவது ஃபோனை எடுத்தான். அவனுக்கு நாளையோட கடைசி.

பதினொன்றரைக்கு வெளிநாட்டு நம்பர். வண்டி சத்தம். "நான் தம்மாம்லேருந்து பேசுதேன்" என்றது குரல். மும்தாஜ் கை நின்னுபோச்சு. நேரலையில மூணு நாலு விநாடி அமைதி. என் பழைய வேலையா இருந்தா பாட்டுப் போட்டுருப்பேன். போடலை.

"சாப்ட்டியளா?" என்றாள்.

"சாப்ட்டேன். வண்டிய ஓரமா நிப்பாட்டிருக்கேன். நல்லாப் பேசுத."

அவ்வளவுதான் பேச்சு. வச்சுட்டார். மும்தாஜ் மூக்கை உறிஞ்சினாள், "சரி, அடுத்து கரண்டு கட் எங்கன்னு சொல்லுதேன்" என்று தாளை எடுத்தாள். கட் சாம்பவர்வடகரைப் பக்கம்.

பன்னிரண்டரைக்கு ஜவுளிக்கடை அண்ணாச்சி நேர்ல வந்தார். குடையில்லாம, பாதி நனைஞ்சு. கடையில துணி எடுத்துக்கிட்டு இருந்த பெண்கள் எல்லாரும் ஒருத்தியோட ஃபோன்ல கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். ஆடி விளம்பரம் முழுசும் நமக்கு. "அந்தப் பிள்ளையே பேசட்டும். பேப்பர் எல்லாம் வேண்டாம்."

இனிப்பு வாங்கி ஸ்டேஷன்ல எல்லாருக்கும். எனக்கு ரெண்டு.

ஜூலை 19, சனி

நேத்து இசக்கி போயிட்டான். கேக் வெட்டினோம். அவன் இல்லாத காலை நிகழ்ச்சி இன்னைக்கு சப்புன்னு போச்சு. அதையும் பாக்கணும். ஒண்ணொண்ணா.

பத்து மணி நிகழ்ச்சிக்கு வந்த ஒரு கால் இன்னும் காதுல. திருவேங்கடத்துலேருந்து ஒரு அம்மா. "இங்கன ரேடியோவுல நீங்க வரமாட்டுக்கு. பேத்தி ஃபோன்ல போட்டுக் குடுத்தா. காலைலேருந்து சாரல் சாரல்ங்கீங்க, இங்க ஒரு சொட்டு இல்ல. எங்களையும் ரெண்டு வார்த்தை கேக்கக்கூடாதா?"

மும்தாஜ்: "கேட்டுட்டாப் போச்சு. நெலம் எப்படிக் கெடக்கு அம்மா?"

"உழுது போட்டிருக்கு. மானத்தப் பாத்துட்டு இருக்கோம்."

"சரி, நாளை முதக்கொண்டு ஒங்க ஊரு வெயில முதல்ல சொல்லிட்டு, பிறகு எங்க மழையச் சொல்லுதோம்."

நான் சொல்லிக் கொடுக்காதது. ஒரே மாவட்டத்துல ஒரு பக்கம் குடை, ஒரு பக்கம் புழுதி, அது எனக்குத் தெரியாதா? தெரியும். நிகழ்ச்சியில வந்ததில்லை.

ஜூலை 21, திங்கள்

வரதன் சார் வந்தார். நெனச்ச மாதிரி இல்லை. நாற்பதுக்குள்ள வயசு, மரியாதையான மனுசன், ஷூ நனைஞ்சதுக்கு வருத்தப்பட்டார். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்கூட நின்னே கேட்டார். ரெண்டு இடத்துல வாய்விட்டுச் சிரிச்சார். கேக்காமச் செஞ்சதுக்கு ஒரு வார்த்தை கூடத் திட்டலை.

பிறகு என் ரூம்ல. "மேடம், இது தென்காசிக்கு மட்டும் வீண். இதை மதுரைக்குக் கொண்டுபோவோம். அங்கேருந்து தெற்குல எல்லா ஸ்டேஷனுக்கும். நீங்கதான் பொறுப்பு, மொத்தத்துக்கும்."

ஆசை வந்துச்சு. பொய் எழுத மாட்டேன். மொத்தத் தெற்குக்கும்.

"ஆனா கொஞ்சம் பொதுவா பேசணும். அச்சன்புதூர்ல இலை வந்துச்சு, சாம்பவர்வடகரையில கரண்டு இல்லை, இதெல்லாம் மதுரைக்காரங்களுக்கு எதுக்கு?"

மும்தாஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவ சோலி, அவதான் சொல்லணும். துப்பட்டா நுனியைச் சுத்திக்கிட்டே கேட்டாள்.

"மதுரையில பத்து மணிக்கு யாரு கேக்கா, யக்கா?"

"எனக்குத் தெரியாது."

வரதன் சார் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு சார்?"

"எல்லாத் தரப்பும் கேப்பாங்க."

"அப்ப எனக்குத் தெரியாது சார். நான் ஜைனம்புகிட்ட பேசுதேன். அவ முழிச்சிருக்கால்லா, அதான் மத்தவுகளும் கேக்காக. ஆளே தெரியாம எப்படிப் பேச?"

அவர் தாளில் ஏதோ எழுதினார். நான் என் தாளைக் கொடுத்தேன், 'நம் நேயர் யார்'. ஒரு பக்கம். அதுல வயசு இல்லை, காரும் இல்லை. பத்து மணிக்குக் கை வேலையா இருந்து, காது சும்மா இருக்கிறவங்க. தட்டு, எண்ணெய், ஸ்டீயரிங், தராசு, தையல் மிஷின். ஊர் பேரோட எழுதியிருந்தேன்.

மதுரைக்கு நாங்க வரலை சார், இங்கேயே விடுங்கன்னு சொன்னேன்.

"ரெண்டு நாள்ல சொல்லுதேன் மேடம்" என்றார். 'சொல்லுதேன்'! காலைலேருந்து கேட்டது ஒட்டிக்கிச்சு போல.

ஜூலை 23, புதன்

நல்ல மழை. பாதிப் பேர் வேலைக்கு லேட்டு.

பதில் வந்தாச்சு. பத்து முதல் பன்னிரண்டு வரை தென்காசி தன் நிகழ்ச்சியை வச்சுக்கலாம். பன்னிரண்டு முதல் நாலு மதுரை.

ரெண்டு மணி நேரம் கிடைச்சுது. நாலு போச்சு. மதியம் நாலு மணி நேரம் யாரோ ஒருத்தர் இங்க உள்ளவங்களுக்கு மாட்டுத்தாவணி நெரிசலைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருப்பார். முதல்ல எரிச்சல். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்தி ஆறு மணி நேரம் நம்ம கையில இருந்துச்சு, அதுல ஒரு ஆள் கூட இல்லை. இப்ப ரெண்டு மணி நேரம், ஆள் இருக்காங்க. ரெண்டை வச்சு மீதியைப் பிடிச்சுரலாம். தீபாவளிக்குள்ள ஒரு மணி நேரமாவது.

காலை நிகழ்ச்சிக்கு ஆள் தேடணும். ஆய்க்குடியில கூட்டுறவுக் கடையில பில் போடுற ஒருத்தர் நல்லாப் பேசுவாராம். சனிக்கிழமை போய்ப் பாக்கணும், போய் உட்கார்ந்து.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காலைலயே அருவிக்குக் குளிக்கப் போற கூட்டம். மும்தாஜ் அதுக்கும் சேர்த்து அருவி நிலவரம் கேட்டு வாங்கி வச்சிருந்தாள், நான் சொல்லாமலே.

நிகழ்ச்சி முடிஞ்சதும் இசக்கி ஃபோன், நெல்லையிலேருந்து. குரலைத் தாழ்த்தி: "எக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. இங்கன மீட்டிங்ல இன்னைக்கு பூரா ஒங்க பேச்சுதான். அச்சன்புதூருக்கு ஆள அனுப்புதாங்க, வேனோட. எல்லா வீட்டுக்கும் புது ரேடியோ குடுக்காங்களாம்."

வேன், ரேடியோ. நம்மகிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லை. ஆனாலும் அவங்க இந்தப் பக்கம் வாராங்கன்னா பயம் எங்களுக்கில்லை, அவங்களுக்குத்தான். இதை நெனச்சதும் தெம்பா இருந்துச்சு.

மும்தாஜ் தட்டைப் பையில வச்சுக்கிட்டு இருந்தாள், பன்னிரண்டே கால் பஸ். சொன்னேன்.

"வரட்டும் யக்கா. ரேடியோ குடுத்தா வாங்கிக்கிடுவோம், டீயும் போட்டுக் குடுப்போம். அதுல எந்த ஸ்டேஷன வைக்கணும்னு நாங்கல்லா முடிவு பண்ணணும்."

சிரிச்சேன். பஸ் ஏறிப் போன பிறகுதான் உறைச்சுது. நாங்கன்னாள். அதுல நான் இல்லை.

நாளைக்கு இலை எத்தனை மணிக்கு வரும்னு இப்பவே பீடிக்கடைக்குக் கேட்டு வைக்கணும்.